சத்தியநாதன் சொன்ன ஏழு

சத்தியநாதன் தன் முதுகுத் தழும்பை முதன்முதலாகப் பார்த்தது அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான். மனைவி ஞானசுந்தரியிடம் போனைக் கொடுத்துவிட்டு, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றார். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், பிளாஷ் போடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். படம் வந்ததும் விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் மீதே, சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. மயிர்க்கால் இல்லாத, கொஞ்சம் மினுமினுப்பான கோடு.

"ஆறுன காயம்தான். ஆனா சாயம் சரியா புடிக்காது. நடு முதுவுல வேற கீது. நாலாந்தரம்" என்றார்.

"எங்கிட்ட குடுங்க, இதுல மூணு ஜோடி எடுத்துக் காட்டறேன்" என்றார் ஞானசுந்தரி.

இந்த இரண்டு பேச்சுகளில் அவர்களுடைய இருபத்து நான்கு வருடக் குடும்பமும் அடங்கிவிட்டது என்றால் மிகை. அவர்களுடைய சண்டைகளில் பாதி அடங்கிவிட்டது என்று சொல்லலாம். சத்தியநாதன் ஆம்பூரை அடுத்த ஒரு தோல் தொழிற்சாலையில் சார்ட்டர். பதமாகி உலர்ந்து வரும் ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து, பார்த்து, தடவி, அது எத்தனையாவது தரம் என்று முடிவு செய்து, உள்பக்கத்தில் சாக்பீஸால் எண் போடுவது அவர் வேலை. ஒன்று உயர்ந்தது, ஐந்து கடைசி. ஞானசுந்தரி ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். தரம் போட்டு வரும் தோலிலிருந்து ஷூவின் மேல்பாகத்துக்கான துண்டுகளை வெட்டி எடுப்பவர். கணவர் எண் போட்ட தோல் சில சமயம் மனைவியின் மேசைக்கே வந்து சேரும்.

இருவரும் பார்ப்பது ஒரே தோலை. பார்க்கிற விதம்தான் வேறு. ஓரத்திலோ வயிற்றுப் பக்கத்திலோ உண்ணி கடித்த குழியும் முள் கீறலும் இருந்தால் சார்ட்டர் மன்னித்துவிடுவார். நடு முதுகில் ஒரே ஓர் ஓட்டை இருந்தால் மன்னிக்க மாட்டார். மற்ற இடமெல்லாம் கண்ணாடி போல இருந்தாலும் அந்த ஓட்டைதான் தரத்தை முடிவு செய்யும். இரண்டு தரத்துக்கு நடுவே சந்தேகம் வந்தால் ஒரு படி கீழேதான் போட வேண்டும். மேலே போட்டு அனுப்பி, வாங்குகிறவர் பெட்டியைத் திறந்து முகம் சுளித்தால் அது தொழிற்சாலைக்கே கெட்ட பெயர். கட்டிங்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. ஓட்டையை ஒதுக்கிவிட்டு, சுற்றிலும் அச்சை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துப் பார்ப்பார். எத்தனை துண்டு தேறும் என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. நீங்கள் நாலு போட்ட தோலில் இன்று இத்தனை எடுத்தேன் என்று ஞானசுந்தரி சாப்பிடும்போது சொல்வதும், அது வாங்கினவன் அதிர்ஷ்டம், என் தப்பு இல்லை என்று சத்தியநாதன் சொல்வதும் அந்த வீட்டில் சாம்பார் மாதிரி வழக்கமானது.

ஐம்பதாவது வயதில் அவருடைய இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. கால் சரியாகிவிட்டது. மூன்றாம் நாளே கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். ஆனால் முதுகு வலி போகவில்லை. பெல்ட் கட்டும் இடத்தில், வலதுபுறம் சாய்ந்து, அடுப்பில் தணல் கிடப்பது போல ஒன்று கிடந்துகொண்டே இருந்தது. நின்றால் அதிகமாகும். குனிந்து தோலை விரித்தால் இன்னும் அதிகமாகும். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அறுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நரம்பு விடுபட்டிருக்கிறது, மறுபடி அறுக்க வேண்டியது எதுவும் இல்லை, சிலருக்கு இப்படித் தங்கிவிடுவதுண்டு என்று சொன்னார். அவர் ஒளிவு மறைவு இல்லாமல் பேசுகிறவர். சத்தியநாதனுக்கு அந்தப் பதில் பிடிபடவில்லை. பழுது இல்லாத இடத்தில் எப்படி வலிக்கும்? தோலில் பழுது என்றால் கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டால் விரலுக்காவது தெரியும்.

மாத்திரை கொடுத்தார்கள். வலி மங்கியது, கூடவே அவரும் மங்கினார். மாத்திரை போட்ட நாளில் மூன்றாம் தரமும் நான்காம் தரமும் ஒன்றுபோலத் தெரிந்தன. விரல் நுனியில் உறை மாட்டியது போல் இருந்தது. மேசைக்கு அது உதவாது. தொழிற்சாலை மேனேஜர் முக்தார் அகமது அவரை ஒரு நாற்காலிக்கு மாற்றினார். அளவு மெஷினிலிருந்து வரும் சீட்டை எடுத்துக் கட்டுகளின் மேல் ஒட்டுகிற வேலை. ஒன்றரை வருடம் அந்த நாற்காலியில் போனது. சத்தியநாதனைப் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. நாற்காலியில் இருந்தபடியே, மேசையில் இப்போது யார் யாரோ போடுகிற எண்களைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதனால் அங்கே அவர்மேல் அன்பு ஒன்றும் பெருகவில்லை.

ஜூன் மாதம் முக்தார் அகமது அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து சரக்கைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ராணிப்பேட்டையில் ஒரு நல்ல சார்ட்டர் இருக்கிறார், அவரை எடுத்தால் நிரந்தரமாக எடுக்க வேண்டும். மேசை ஒன்றுதான். ஆகஸ்ட் கடைசிக்குள் சொல்லிவிடு, மேசையா நாற்காலியா என்று கேட்டார். நாற்காலி என்றாலும் வேலை போகாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். சத்தியநாதனுக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் தாங்கவில்லை.

ஊசி யோசனை ஞானசுந்தரி கொண்டுவந்தது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற ஒரு பெண்ணின் அக்காவுக்குக் கழுத்து வலி குறைந்திருந்ததாம். பேரணாம்பட்டு போகும் சாலையில் ஷஹீன் பானு என்கிற டாக்டர் அக்குபஞ்சர் பார்க்கிறார், இயற்கை மருத்துவம் படித்தவர். நம்பிக்கை வந்து சத்தியநாதன் அங்கே போகவில்லை. ஊசி என்ற சொல் அவரை இழுத்தது. தோல் தொழிலில் ஊசியைப் பற்றி எல்லோருக்கும் ஒன்று தெரியும். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், நூல் போன இடம் மூடிக்கொள்ளும். தோலில் அது நடக்காது. ஊசி போன துளை போனதுதான். ஒரு தையல் கோணினால் அந்தத் துண்டே கழிவு. அப்படியிருக்க, உயிரோடு இருக்கிற தோலில் வாரம் இரண்டு தடவை பத்துப் பதினைந்து ஊசி குத்தி எடுத்தால் அந்தத் துளைகள் எங்கே போகின்றன? இந்த ஊசிக்குப் போகலாமா என்று அறுத்த டாக்டரிடம் கேட்டார். தழும்பின் மேல் குத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மற்றபடி எனக்கு ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது.

டாக்டர் ஷஹீன் பானுவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவரைப் பெரிய வைத்தியர் என்று எழுத என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் அவர் கணக்கில் வைக்கலாம்: எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, அறுவை சிகிச்சை ஆன முதுகுக்கு இன்னும் குறைவாகத்தான் உறுதி சொல்ல முடியும் என்றார். எட்டு முறை பார்ப்போம். வித்தியாசம் தெரியவில்லை என்றால் நானே நிறுத்திவிடுவேன், சும்மா வரவைக்க மாட்டேன் என்றார். பிறகு, வலிக்கு ஒரு நம்பர் சொல்லச் சொன்னார். வலியே இல்லை என்றால் பூஜ்யம். இதற்கு மேல் தாங்க முடியாது என்றால் பத்து.

சத்தியநாதன் யோசித்தார். இருபத்தாறு வருடமாக எண் போட்டவர். கேள்வி அவருக்குப் புதிதல்ல.

"ஏழு" என்றார்.

வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். ஊசி தலைமுடி போல இருந்தது. தோலில் இறங்கும்போது எறும்பு ஊர்வதைவிடக் கொஞ்சம் அதிகம், கடிப்பதைவிடக் குறைவு. இடுப்பின் இருபுறமும், தழும்பிலிருந்து விலகி, சில. முழங்காலின் பின்மடிப்பில் இரண்டு. கணுக்காலில் இரண்டு. கையில் ஒன்று. வலி இடுப்பில் இருக்கும்போது காலில் எதற்கு என்று தலையணைக்குள்ளிருந்தே கேட்டார். பழைய நூல்கள் ஒரு மாதிரி சொல்கின்றன, இப்போதைய நரம்பு ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது, இரண்டும் முழுசாகப் பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்னார். இருபத்தைந்து நிமிடம் அப்படியே கிடந்தார். விசிறிச் சத்தம் கேட்டது. முழங்காலின் பின்னால் கனமாக ஏதோ தேங்கி நிற்பது போல இருந்தது. அது வலி இல்லை. என்னவென்று சொல்ல அவரிடம் சொல் இல்லை.

மறுநாள் காலை தொழிற்சாலையின் பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஊசி இறங்கிய இடம் நன்றாக ஞாபகம் இருந்தது. துளை இல்லை. மயிர்க்கால் வரிசை கலையாமல் இருந்தது. மாலையில் ஞானசுந்தரியிடமும் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இதுக்குத்தான் ஆஸ்பத்திரி போனீங்களா, முதுவு இன்னா ஆச்சு என்று ஞானசுந்தரி கேட்டார். முதுகு அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி கையைப் பார்த்தார். பதப்பட்ட தோலையே வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஒருவருக்கு, மூடிக்கொள்கிற தோல் என்பது ஏதோ புதிய சரக்கு போலத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை, ஏழு. மூன்றாம் முறை, ஏழு. நான்காவதில் கொஞ்சம் தயங்கினார். ஆறா ஏழா என்று சந்தேகம் வந்தது. ஏழு என்றார். ஒவ்வொரு முறையும் டாக்டர் குத்துகிற இடங்களைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். ஐந்தாவதில் ஊசிகளில் மெல்லிய மின்சாரம் ஓடவிட்டார். தசை தானாகத் துடிப்பதைச் சத்தியநாதன் ஆச்சரியத்தோடு கவனித்தார், அதைப் பற்றி நிறையக் கேள்வி கேட்டார். எண் மட்டும் மாறவில்லை. தொழிற்சாலையில் முக்தார் அகமது எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோதும் ஏழு என்றே சொன்னார். மேனேஜர் ராணிப்பேட்டைக்குப் போன் போட்டதாக மறுநாள் மற்றவர்கள் சொன்னார்கள்.

எட்டாவது முறை ஞானசுந்தரியும் கூட வந்தார். அன்று அவர் கம்பெனிக்கு விடுமுறை. டாக்டர் தன் குறிப்பைத் திருப்பிப் பார்த்தார். ஏழு என்று ஏழு முறை எழுதியிருந்தது. எட்டாவதையும் கேட்டு எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். நம் பேச்சுப்படி இத்தோடு நிறுத்திவிடலாம் அண்ணா, இது உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொன்னார். சத்தியநாதன் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஏமாற்றம்கூடப் பெரிதாக இல்லை. தரம் போட்டாயிற்று, இனி பேச்சில்லை என்கிற முகம். ஆகஸ்ட் மாதம் பிறந்திருந்தது. நாற்காலி முடிவாகிவிட்டது.

ஞானசுந்தரிதான் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"ஏழாம். டாக்டரம்மா, போன ஞாயித்துக்கெழம கோயில்ல பிரசங்கம் முக்கா மணி நேரம். மின்னாடியெல்லாம் நடுவுல மூணு தபா எழுந்து வெளியே போய்ட்டு வருவாரு. இந்த தபா ஆமென் வரிக்கும் ஆடாம உக்காந்துட்டு இருந்தாரு. அப்புறம் பாட்டு முடியறவரிக்கும் நின்னாரு. செருப்ப அவரே குனிஞ்சு எடுத்துப் போட்டாரு. ரெண்டு வருசமா நான்தான் எடுத்துக் குடுத்தேன். அதெல்லாம் இன்னா நம்பருன்னு கேளுங்க."

டாக்டர் பேனாவை மறுபடி திறந்தார். சத்தியநாதனைப் பார்த்து, அது உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றார் அவர். பிறகு எப்படி ஏழு வருகிறது, இந்த எண்ணுக்கு எப்படி வந்து சேருகிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்று டாக்டர் கேட்டார். யாரும் அதுவரை அதைக் கேட்கவில்லை. சத்தியநாதன் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தொழில் விஷயத்தை விளக்குகிற குரலில் விளக்கினார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் கால் வைக்கிற நேரத்தில் ஒரு வெட்டு வெட்டுகிறது. அது ஏழு. சந்தேகமே இல்லாத ஏழு.

"அது எவ்ளோ நேரம்ணா?"

"ஒரு நிமிசம். ரெண்டு நிமிசம் வெச்சுக்குங்களேன்."

"மீதி நாள்?"

"மீதி நாள் கம்மிதான். அது எதுக்கு டாக்டரம்மா? நடுவுல ஓட்ட இருந்தா மத்தது எவ்ளோ நல்லா இருந்தாலும் தோலு கீழதான போவணும்."

டாக்டரும் ஆம்பூர்ப் பெண்தான். சத்தியநாதன் சொன்னது அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஞானசுந்தரி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நாலு வாரமாக இந்த மனிதர் தன் நாளை மேசைமேல் விரித்து, நடு முதுகில் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, எண் போட்டிருக்கிறார். சந்தேகம் வந்த நாளில் விதிப்படி ஒரு படி கீழே போட்டிருக்கிறார். வேறு தொழில் செய்கிறவர் எவரும் இப்படித் தப்பு செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அதைத் தப்பு என்று முழுசாகச் சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு. நம் துன்பத்தை நாம் எல்லோருமே அதன் மோசமான இடத்தை வைத்துத்தான் எடை போடுகிறோம். அவர் அதைத் தொழில்முறையாகச் செய்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டர் இன்னும் நான்கு முறைக்கு ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: எண் சொல்லக் கூடாது. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை நிற்க முடிகிறது, எங்கே விட்டுப்போகிறது, அதை மட்டும் பார்த்துவர வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஞானசுந்தரி கட்டிங் அச்சு வரைகிற பழுப்புக் காகிதம் ஒன்றை மேசையில் விரித்தார். காலை ஐந்தரையிலிருந்து படுக்கிற வரை ஒரு நாளை ஆட்டுத்தோல் வடிவத்தில் வரைந்தார். கழுத்துப் பக்கம் காலை, வால் பக்கம் இரவு. எழுந்திருக்கிற நேரத்தில் ஓர் ஓட்டை. பஸ் படியில் ஓர் ஓட்டை. ஒரு வாரம் கேட்டுக் கேட்டு நிரப்பினார். பதினொன்றரைக்குப் பிறகு சின்னச் சின்னக் கீறல்கள். சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி வரை நல்ல இடம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை சுத்தமான ஓர் இடம் இருந்தது. அந்த நேரத்தில் சத்தியநாதன் வேண்டுமென்றே நாற்காலியை விட்டு எழுந்து, மாத்திரை போடாமல், நின்றபடி சீட்டு ஒட்டிப் பார்த்திருந்தார்.

"மூணு மணி நேரம். முழுசா ஒரு பீஸ்" என்றார் ஞானசுந்தரி.

"ரெண்டு. அந்தாண்ட அர மணி இந்தாண்ட அர மணி சந்தேகம்."

"சந்தேகம்னா எடுக்கக் கூடாதா?"

"நீ எடுப்ப. நான் எடுக்க மாட்டேன்."

அதில் இரவுச் சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை நடந்தது. முடிவில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என்று நின்றது. தான் விட்டுக்கொடுத்ததாக ஞானசுந்தரி சொல்கிறார், கணக்கு அப்படித்தான் வந்தது என்கிறார் சத்தியநாதன்.

இதற்குள் சத்தியநாதனுக்கு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. இந்தச் சுத்தமான இடம் ஊசியால் வந்ததா, முன்பே இருந்ததா? முதல் நாளே இப்படி ஒரு படம் வரைந்து வைத்திருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் மேசையில் எப்போதும் ஒரு மாதிரித் துண்டு இருக்கும். வாங்குகிறவர் ஒப்புக்கொண்ட துண்டு அது. சந்தேகம் வந்தால் தோலை அதன் பக்கத்தில் வைப்பார். இங்கே அப்படி ஒன்று இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் எட்டு ஏழுகள். அவை எதையும் சொல்லாது என்று இப்போது தெரிந்துவிட்டது. கோயிலில் மூன்று முறை எழுந்துபோனது ஞானசுந்தரியின் ஞாபகம் மட்டுமே.

நான்கில் மூன்று முறை ஆனதும் டாக்டரிடம் போய், நான்காவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாமா, ஊசி இல்லாமல் அந்த இடம் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஞானசுந்தரிக்கு இது தெரிந்தபோது கோபம் வந்தது. மாதக் கடைசி வருகிறது, மேசை கைக்கு எட்டுகிற நேரத்தில் விளையாட்டா என்று கேட்டார். ஆனால் டாக்டர் உடனே சரி என்றார். ஒரு நோயாளி இப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. முடிவை எனக்கும் சொல்லுங்கள் என்று ஆவலோடு கேட்டுக்கொண்டார்.

அந்த வாரம் திங்கள் பதினொன்று வரை நின்றார். செவ்வாயும் அப்படியே. புதன் மழை. பத்தே காலுக்கே தணல் ஏறிவிட்டது. வியாழன் பத்தே முக்கால். வெள்ளி மறுபடி பதினொன்று, கூடவே ஐந்து நிமிடம். சனிக்கிழமை காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். கொஞ்சம் சுருங்கின மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். மழையாக இருக்கலாம் என்றும் அவரே சொன்னார். ஒரு வாரம் என்பது ஒரு தோல், ஒரு தோலைப் பார்த்து ஒரு கட்டு முழுவதையும் தரம் பிரிக்க முடியாது என்றார் சத்தியநாதன். தெரியவில்லை என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். டாக்டர் நான்காவது முறைக்கான ஊசிகளைக் குத்தினார். தெரியாத ஒன்றைத் தெரியாதது என்று சொல்லிக்கொண்டே தொடர்ந்து செய்வது பலருக்கு முடிவதில்லை. இவர்களுக்கு அதில் சங்கடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி முக்தார் அகமதுவின் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே பேசுகிறேன் என்றார். அதில் கொஞ்சம் நாடகம் இருந்தது. முக்தார் அகமது அதைக் கவனிக்கவும் செய்தார்.

"இன்னா சத்தியநாதன், மேசையா, நாற்காலியா?"

"ரெண்டும் பாய். ஒம்போதுல இருந்து பதினொண்ணு வரிக்கும் மேசை. மீதி நேரம் நாற்காலி."

"ரெண்டு மணி நேர சார்ட்டர வெச்சி நான் இன்னா பண்றது?"

அதற்குப் பதில் தயாராக இருந்தது. ராணிப்பேட்டைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல ஆள்தான், அவர் வேலையை நானும் பார்த்திருக்கிறேன் என்றார். ஒரு கட்டுத் தோலில் பெரும்பாலானவை பார்த்ததும் தரம் சொல்லிவிடும், அவற்றை அவர் போடட்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நிற்கிற தோல்களைத் தனியாக ஒதுக்கி வைக்கட்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வடக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும்போது அவற்றை மட்டும் நான் பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர் பெட்டியைத் திறந்தால் முகம் சுளிப்பது அந்தத் தோல்களைப் பார்த்துத்தான், மற்றவற்றைப் பார்த்து அல்ல.

முக்தார் அகமது பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு ஏழுன்னு சொல்லிட்டு இருந்தியே. அது இன்னா ஆச்சு?"

"ஏழு அப்டியேதான் கீது பாய். சுத்தி கொஞ்சம் எடம் கீதுன்னு இப்பத்தான் பாத்தேன்."

செப்டம்பர் சோதனை முடியும் வரை பார்க்கலாம் என்றார் முக்தார் அகமது.

ராணிப்பேட்டைக்காரர் வந்து சேர்ந்தார். முதல் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஒதுக்கி வைத்த தோல்கள் மேசையின் இடதுபுறம் குவிந்திருந்தன. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சத்தியநாதன் தோலைத் தூக்கி விசிறினார். அது மேசைமேல் படிந்தது. நடு முதுகில் கண் போயிற்று, பிறகு கை. மாத்திரை போடாத விரல்கள். முதல் தோல் மூன்று. இரண்டாவதும் மூன்று. பத்தரை மணிக்கு ஒரு பெரிய தோல் வந்தது. வெல்வெட் போன்ற ஒரே சீரான மேற்பரப்பு, நடுவில் விரல் நுனி நுழைகிற ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் கையை வட்டமாக ஓட்டினார். ஞானசுந்தரியானால் இதில் என்ன எடுப்பார் என்று அவருக்குத் தெரியும். சாக்பீஸை எடுத்து நாலு என்று எழுதினார். தோலுக்கு விதி மாறவில்லை.

பதினொன்று அடித்தபோது இடதுபுறம் இன்னும் நான்கு தோல் மிச்சமிருந்தது. குவியலை முடிக்காமல் மேசையை விட்டு அவர் போனதே இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட இல்லை. நான்குக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். இடுப்பில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. இன்னும் பத்து நிமிடம் தாங்கும் என்று தோன்றியது. ஆனால் அது சந்தேகம். சந்தேகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த தோலை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டு சாக்பீஸை மேசை ஓரத்தில் வைத்தார்.

முக்தார் அகமது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு கீதே."

"நாளைக்கு பாய்" என்று சொல்லிவிட்டு, சத்தியநாதன் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார். உட்காரும்போது இடுப்பில் ஒன்று இழுத்தது. கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று தாண்டி மூன்று நிமிடம். மடித்து வைத்திருந்த பழுப்புக் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.